உதறிய ஜீப் பற்றி மாப்பிள்ளைக்கு

ஐயம்பேட்டை,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை குமரகுரு அவர்களுக்கு, மாமனார் திருஞானசம்பந்தம் எழுதிக்கொள்வது. ஏகாம்பரநாதர் தயவில் நானும் உங்கள் அத்தையும் சுகம். ஜீப்பும் சுகம். போனில் சொன்னால் என் மகள் அகிலா ஸ்பீக்கரில் போட்டு ஓசூர் முழுக்கக் கேட்கவைப்பாள் என்பதால் உங்கள் ஆபீஸ் முகவரிக்கு இந்தக் கடிதம்.

நீங்கள் ஆசையாக உயரம் தூக்கிக் கட்டிய ஜீப், புது ஃபிளாட்டின் பார்க்கிங்கில் மேலே இடிக்கிறது என்று என் வாசலில் நிறுத்தினீர்கள். "நல்ல ஆள் வந்தா வித்துடலாம் மாமா, அதுவரைக்கும் வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் மட்டும் பண்ணி வைங்க" என்றீர்கள். ஸ்டார்ட் செய்தேன். ஸ்டார்ட் ஆன வண்டியைச் சும்மா நிறுத்துவானேன் என்று தெருமுனை வரை ஓட்டினேன், அங்கே திருப்ப இடமில்லாததால் திருமுக்கூடல் வரை போகவேண்டியதாயிற்று. இப்படியே மூன்று வாரம். கவலைப்படாதீர்கள், கார் லைசென்ஸ் எடுத்துப் பதினோரு வருஷம் ஆகிறது, ஓட்டக் கிடைத்ததுதான் இப்போது.

நாலாவது வாரம் பிடித்தது சனி. கியர் மாற்றினால் ஒரு உதறல், வேகம் எடுத்தால் ஒரு இழுப்பு, போதாததற்கு ஏதோ கருகுகிற வாடை. அன்றைக்கென்று பார்த்து, ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டிலிருந்து தர்மன் என்பவர் வண்டி பார்க்க வருகிறார் என்று போன் செய்தீர்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை வண்டியைக் கெடுத்த மாமனார் என்று சம்பந்தி வீட்டில் பேச்சு வந்தால் எந்த முகத்தோடு உங்களைத் தீபாவளிக்கு அழைப்பேன்? மெக்கானிக் பாண்டியனைக் கூட்டிவந்தேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்து, "ஒசரமா தூக்கிட்டாங்க இல்ல, பின்சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட் சாஞ்சிக்கினு உதறுது" என்றார். ஷாஃப்டை ஆட்டினார், ஆடவில்லை. என்ஜின் தாங்கும் ரப்பரைப் பார்த்தார், கிழியவில்லை. அப்படியானால் கிளட்ச்தான் என்று அவரே ஓட்டிப் பார்த்தார், வண்டி சாதுவாகப் போகிறது! நான் உட்கார்ந்தால் மறுபடி உதறுகிறது. "நான் ஓட்டினா நல்லா இருக்குது, நீங்க ஓட்டினா உதறுது. வண்டிக்கு உங்களைப் புடிக்கலபா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் அந்த மனுஷர்.

நேற்று உங்கள் அத்தை தையல்நாயகியை ஏற்றிக்கொண்டு வாலாஜாபாத் போனேன். அவள் ரோட்டைப் பார்க்காமல் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். "இன்னாங்க, அந்த எடது காலு அங்க இன்னா பண்ணிக்கினு இருக்குது? தறியில உக்காந்துக்கினு இருக்கிறதா நெனப்பா?" குனிந்து பார்க்கிறேன், அடக் கடவுளே! முப்பத்தெட்டு வருஷம் குழித்தறியில் மிதிக்கட்டைமேல் வைத்த காலை எடுக்காமல் பட்டு நெய்தவன். அந்தக் கால் கிளட்ச் மேலேயும் தன்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது. கிளட்ச் பாதி பிடித்தும் பாதி பிடிக்காமலும் இருந்தால் வண்டி உதறாமல் என்ன செய்யும்? காலை எடுத்தேன். உதறல் போச்சு, வாடை போச்சு, என் நெஞ்சுப் பாரமும் போச்சு. பாண்டியனிடம் காட்டினேன், கிளட்சுக்குச் சேதமில்லை என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். நடுரோட்டில் நின்று சிரித்தேன் மாப்பிள்ளை, அவ்வளவு நிம்மதி.

ஆகவே தர்மன் தாராளமாக வரட்டும். வண்டியை நல்லபடியாக ஒப்படைப்பது என் பொறுப்பு. நீங்களும் அகிலாவும் வேளைக்குச் சாப்பிட்டு, சண்டை சச்சரவில்லாமல், காமாட்சியம்மன் அருளோடு நீடூழி இருக்கவேண்டும்.

அன்புள்ள மாமனார்,
திருஞானசம்பந்தம்

பி.கு.: தபாலில் போட மறந்து ஞாயிறு மாலை ஆகிவிட்டது. தர்மன் வந்தார். நல்ல மனுஷர். "மொதல்ல நீங்க ஓட்டிக் காட்டுங்க சார்" என்றார். கிளப்பினேன். வண்டி வெண்ணெயாகப் போயிற்று. இனி இந்த சீட்டில் நான் உட்காரப்போவதில்லை என்று நினைத்ததும் எனக்குத் தாங்கவில்லை. இடது காலைத் தூக்கிக் கிளட்ச் மேல் வைத்துவிட்டேன். இந்த முறை தெரிந்தேதான் வைத்தேன். வாலாஜாபாத் வருவதற்குள் அவர் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துவிட்டார். என்னை மன்னியுங்கள் மாப்பிள்ளை. வேறு ஆள் வந்தாலும் அனுப்புங்கள், நானே ஓட்டிக் காட்டுகிறேன்.