நாகப்பன் வாசல் கடற்கரை

1991-ஆம் வருஷம் ஒரகடத்துக்குப் பக்கத்து ஊரில் ஒரு கடற்கரை காணாமல் போயிருந்தது. ஊர்க்காரர்களுக்கு அது தெரியாது. தாலுகா ஆபீஸ் சொல்லித்தான் தெரிந்தது.

விஷயம் இதுதான். கடலாமைகள் குப்பையைத் தின்று சாகின்றன என்று மேலிடத்துக்கு மனசு கரைந்துவிட்டது. மாவட்டத்தில் கடல் உண்டு. ஆகவே எல்லாத் தாலுகாக்களும் பொதுமக்களைத் திரட்டி, தத்தம் கடற்கரையைச் சுத்தம் செய்து, போட்டோவுடன் அறிக்கை அனுப்ப வேண்டும். "இங்கே கடற்கரை இல்லை" என்று தாலுகா எழுதியது. "எப்போதிலிருந்து இல்லை? ஆக்கிரமித்தவர் யார்?" என்று பதில் வந்தது.

ஆக்கிரமித்தவரைத் தேடி ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கோதண்டராமன் மொபெட்டில் புறப்பட்டார். மூன்றாம் நாள் நாகப்பன் வீட்டு வாசலில் நின்றார்.

"இது என்ன நாகப்பா?"

"மணல் சார். பையனுக்குக் கல்யாணம். ஒரு ரூம்பு எடுக்கலாம்னு ரெண்டு வண்டி அடிச்சேன்."

"அது?"

"கிளிஞ்சல் சார். சுண்ணாம்பு நீத்த."

"மணல் இருக்கு, கிளிஞ்சல் இருக்கு." நோட்டில் எழுதிக்கொண்டார்.

"தண்ணி இல்லியே சார்! கடலு எங்க கீது, நாம எங்க கீறோம்?"

"தண்ணி இல்லாததுதான்யா நீ ஆக்கிரமிச்சதுக்கு அத்தாட்சி."

மறுநாள் நோட்டீஸ் வந்தது. மேற்படி கடலை அகற்றி, மேற்படி கரையில் வீடு கட்டி அனுபவித்துவரும் நாகப்பன் பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டியது. கல்யாணத்துக்கோ இருபது நாள்தான் இருந்தது.

நாகப்பன் தாலுகா ஆபீஸுக்கு ஓடினார். ஆறு வருஷமாக அவர் பட்டா கேட்டு நடந்த ஆபீஸ். அப்படி ஒரு இடமே ரிக்கார்டில் இல்லை என்று சொன்ன ஆபீஸ். இப்போது இடம் இருப்பதை ஒப்புக்கொண்டதில் ஒரு முன்னேற்றம் தெரியத்தான் செய்தது.

"ஒரு வழி இருக்கு" என்றார் கோதண்டராமன். "கடற்கரை கிடைச்சுது, சுத்தம் பண்ணியாச்சுன்னு அறிக்கை போனா, காணாமப்போன ஃபைலை மூடிடலாம், உன் நோட்டீஸும் ரத்து. ஊர்க்காரங்க சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

வீட்டில் மனைவி சந்திரம்மாள் கேட்டுவிட்டு, "வாசல் பெருக்கணும், அவ்ளோதானே? நான் தெனம் பெருக்கிகினுதானே கீறேன். வரச்சொல்லு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸிலிருந்து வேனில் ஆமை நேசர்கள் வந்து இறங்கினார்கள். அந்த வருஷம் அங்கே ஜோல்னாப் பைக்கு அடுத்தபடி ஆமை மேல் அன்புதான் நாகரிகம். வந்தவர்கள் திகைத்துப்போனார்கள். சந்திரம்மாள் விடியற்காலையிலேயே பெருக்கிவிட்டிருந்தாள். ஒரு துரும்பு கிடையாது.

"குப்பையே இல்லேன்னா நாங்க எப்படிச் சேவை செய்யறது?" என்று தலைவி காந்திமதி வருந்தினாள்.

நல்லவேளை, சாப்பாட்டு நேரம் வந்தது. எலுமிச்சை சாதப் பொட்டலமும் பிளாஸ்டிக் கப்பும் ஊருக்கே கொடுத்தார்கள். ஒரு மணிக்குள் கடற்கரைக்கு வேண்டிய குப்பை சேர்ந்துவிட்டது. பதினெட்டு கிலோவைப் பொறுக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

மணலில் நாலு முட்டை கிடந்தது. "ஆமை முட்டை!" என்று காந்திமதி கண் கலங்கினாள்.

"கோழி முட்டைம்மா. அதோ, எங்கூட்டுக் கோழிதான்" என்றாள் சந்திரம்மாள்.

"பாவம், படிக்காதவங்க" என்று மன்னித்துவிட்டு, சுற்றிலும் கயிறு கட்டச் சொன்னாள்.

பொட்டலம் தின்ற நாற்பத்துமூன்று வீட்டுக்காரர்களும் 'இது கடற்கரையே' என்று கையெழுத்துப் போட்டார்கள். "இன்னா நாகப்பா, அலை சத்தம் ராத்திரி தூங்கவுடுதா?" என்று பக்கத்து வீட்டுத் திருமலை கேட்க, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நாகப்பன் ஒவ்வொரு முகத்தையும் பார்த்து வைத்துக்கொண்டார்.

ஃபைல் மூடப்பட்டது. நாலே நாளில் புது ஃபைல் திறந்தது. கடற்கரையிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் வீடு கூடாது என்று புதுச் சட்டம் வந்திருந்தது. நாற்பத்துமூன்று வீட்டுக்கும் நோட்டீஸ். நாற்பத்துநான்காவதைக் கோதண்டராமன், ஊர்க் கோடியில் தான் கட்டிய மாடி வீட்டுக் கதவில், தன் கையாலேயே ஒட்டினார்.

மீனவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனால் ஒருவர் மீன் பிடிப்பதை இன்னொரு மீனவர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ரிக்கார்டின்படி கடலோரத்தில் வெகுகாலம் குடியிருப்பவர் நாகப்பன் ஒருவரே. ஆகவே மனுப் போடாமலே அவர் மீனவராகிவிட்டார். வீடு தப்பியது.

மறுநாள் அவர் வாசலில் வரிசை நின்றது. முதல் ஆள் கோதண்டராமன், தோளில் புது வலையோடு.

"நான் மீன் பிடிச்சதைப் பார்த்தேன்னு ஒரு வரி போடு நாகப்பா."

"பாக்கலியே சார்."

"யோவ், இங்க எங்கய்யா கடல் இருக்கு?"

"தோ கீதே. நீங்க எழுதினதுதானே?" நாகப்பன் மணலைக் காட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "எறங்குங்க சார்."

கோதண்டராமன் நாலு பக்கமும் பார்த்தார். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு மணலில் இறங்கி, வலையை வீசினார்.

"அது கரை சார். இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குப் போங்க."

யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் நின்ற நாற்பத்துமூன்று பேரும், யாரும் சொல்லாமலே, நனைந்துவிடாதபடி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டார்கள்.