நூற்றிருபது வீதத் தலைவர்

உலகத்தில் கணக்குத் தெரியாதவர்களால் பெரிய ஆபத்து ஒன்றும் கிடையாது. ஆபத்தெல்லாம் கூட்டல் மட்டும் தெரிந்தவர்களால்தான். "அதுக்கு அம்பது வீதம், இதுக்கு அம்பது வீதம், கூட்டினா நூறு, விஷயம் முடிஞ்சிச்சு!" என்று விரலை மடக்கிச் சொல்லிவிட்டு வெற்றிலையைக் குதப்புகிற அந்த ஆளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஹட்டன் பஸ் தரிப்பிடத்தில் இருப்பார், கல்யாண வீட்டில் இருப்பார், சாவு வீட்டில்கூட இருப்பார். எங்கே இருந்தாலும் கூட்டிக்கொண்டிருப்பார்.

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இந்த இனத்தின் சிறந்த மாதிரியாக விளங்குபவர் கந்தப்பன். காலையில் எழுந்து வானத்தைப் பார்ப்பார். "காலைல மழை பெய்ய அம்பது வீதம், பின்னேரம் பெய்ய அம்பது வீதம், இன்னிக்கு மழை நூத்துக்கு நூறு. துணி துவைக்காத!" என்று மனைவி லெட்சுமிக்கு உத்தரவு போடுவார். அன்றைக்குப் பார்த்து வெயில் மண்டையைப் பிளக்கும். காலையிலும் பெய்து பின்னேரமும் பெய்கிற நாள் என்று ஒன்று உண்டல்லவா? அந்த ஒரே நாளை மனிதர் இரண்டு தடவை எண்ணிவிடுகிறார். அதனால் ஒரு சொட்டும் பெய்யாத நாளுக்கு அவருடைய கணக்கில் இடமே இல்லாமல் போய்விடுகிறது. சூரியனுக்கு இதெல்லாம் தெரியுமா, பாவம்?

துணியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தோட்டக் கமிட்டித் தலைவர் தேர்தல் வந்தது. மகள் நிஷாந்தியின் கல்யாணமும் கூடவே வந்தது. மாப்பிள்ளையின் அப்பா சோலைமலை, பூண்டுலோயாவில் ஒரு தோட்டத்துக்குத் தலைவர். பெண் பார்க்க வந்த அன்றே, "நம்ம பக்கம் தலைவரு நான்தான். இங்க நீங்க...?" என்று சிரித்துக்கொண்டே கேட்டு வைத்தார். அந்த மூன்று புள்ளிகள் கந்தப்பனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டன. சம்பந்திக்குச் சமமாக, தலைவராக, மேடையில் நின்று மாலை வாங்காவிட்டால் மானம் போச்சு. அன்றிரவே விரல்கள் மடங்கத் தொடங்கின.

"மேல் லயத்து வரிசை வீடு முழுக்க நம்ம சொந்தக்காரங்க, தோட்டத்துல அது அம்பது வீதம். பஜனைக் கோஷ்டி நம்ம கையில, அது முப்பது. மாதர் சங்கம் நாற்பது. நூத்தியிருபது!"

"நூறுக்கு மேல எப்படிங்க வரும்?" என்றாள் லெட்சுமி.

"அதான்டி நம்ம செல்வாக்கு!"

செல்வாக்கா அது? மேல் லயத்தில் குடியிருந்தவர்கள்தான் சாயந்தரம் கோயிலில் உட்கார்ந்து பஜனை பாடினார்கள். பாடி முடித்த கையோடு, பெண்கள் எழுந்து மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போனார்கள். மேல் லயத்து வேலாயி அக்கா மூன்றிலும் இருந்தாள். ஆகையால் கந்தப்பனின் தோட்டத்தில் மூன்று வேலாயிகள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள், மூன்று பேரும் அவருக்கே வாக்களிக்கக் காத்திருந்தார்கள். எதிர்த்து நின்ற பழனியாண்டிக்கு இந்தக் கணக்கு வித்தையெல்லாம் வராது. ஜெயிப்போமா மாட்டோமா என்று தெரியாத பயத்தில், அந்த மனிதர் தேர்தல் நாள் வரைக்கும் வீடு வீடாக அலைந்துகொண்டிருந்தார்.

கந்தப்பன் எதற்கு அலைய வேண்டும்? நூற்றிருபது வீதக்காரர் நேரே ஹட்டன் டவுனுக்குப் போய், கல்யாணக் கார்டு அடிக்கிற பைஸரின் அச்சகத்தில் உட்கார்ந்தார். தன் பெயருக்குக் கீழே 'தோட்டத் தலைவர்' என்று தங்க எழுத்தில் போடச் சொன்னார்.

"அண்ணே, எலெக்ஷன் இன்னும் நடக்கலயே? முடிஞ்ச பொறகு அடிச்சுக்குவோமே" என்றார் பைஸர்.

"நடக்குறது சும்மா பேருக்குத்தான் தம்பி. நூறு இருந்தாலே போதும். நம்மகிட்ட இருபது மிச்சம் கெடக்கு, வேணும்னா நீ எடுத்துக்க!"

பைஸர் அடித்துக் கொடுத்தார். கார்டுகள் பூண்டுலோயா வரைக்கும் போய்ச் சேர்ந்தன. சம்பந்தி வாசித்துவிட்டு, "அடடே, நீங்களும் தலைவரா!" என்று போனில் மகிழ்ந்தார். கந்தப்பனுக்கு ஒரு சுற்றுப் பருத்துவிட்ட மாதிரி இருந்தது.

தேர்தல் வந்தது, சீட்டுகளை எண்ணினார்கள். நூற்றிருபது வீதம் நாற்பதைக்கூடத் தொடவில்லை. பழனியாண்டி தலைவரானார், பட்டாசு வெடித்தது. கந்தப்பன் நேரே மேல் லயத்துக்குப் போய் வேலாயி அக்காவின் வாசலில் நின்றார்.

"ஏக்கா, எனக்குத்தானே போடுறேன்னு சொன்னீங்க?"

"சொன்னேன் தம்பி. பழனியாண்டிகிட்டயும் சொன்னேன். வாசல் தேடி வந்து நிக்கிறவங்கள மொகத்துல அடிச்ச மாதிரி இல்லன்னு சொல்லவா முடியும்? சொல்றது ரெண்டு பேருக்கும் சொல்லலாம். போடுறது ஒருத்தருக்குத்தானே போட முடியும்?"

ஒரு வாய் இருவருக்கும் வாக்குக் கொடுக்கலாம், ஒரு சீட்டு ஒருவருக்குத்தான் விழும். இதைக் கேட்ட பிறகாவது மனிதர் திருந்தியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? நல்லா நினைத்தீர்கள்!

"என்னங்க, சம்பந்திக்கு ஒரு போனப் போட்டு உள்ளத உள்ளபடி சொல்லிடுங்க. புள்ள வாழப்போற வீடு" என்று லெட்சுமி கண் கலங்கிக் கெஞ்சினாள்.

"எதுக்கு? சேதி பூண்டுலோயாவுக்குப் போகாம இருக்க அம்பது வீதம். போனாலும் கல்யாண அவசரத்துல அவரு மறந்துபோக அம்பது வீதம். கூட்டிப் பாரு!"

அவள் கூட்டவில்லை, தலையில் அடித்துக்கொண்டாள்.

கல்யாணம் ஹட்டன் மண்டபத்தில் ஜேஜே என்று நடந்தது. தோட்டத்து வழக்கப்படி, புதுத் தலைவர் பழனியாண்டி முன்வரிசையில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். கூப்பிடாமல் இருக்க முடியுமா? மாலை மரியாதை நேரம் வந்தது. மைக் பிடித்தவர் பூண்டுலோயா ஆள், உள்ளூர் நிலவரம் அறியாதவர். கையில் இருந்த கார்டைப் பார்த்தார்.

"அடுத்து, நம்ம சம்பந்தி சோலைமலை அவர்கள், இந்தத் தோட்டத் தலைவருக்கு மாலை அணிவித்துக் கௌரவிப்பார்கள்!"

மேடை ஓரத்தில் நின்ற கந்தப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். முன்வரிசையிலிருந்து பழனியாண்டியும் எழுந்து மேடை ஏறினார். சோலைமலை ஒரு மாலையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கழுத்துகளையும் மாறி மாறிப் பார்த்தார். சேதி பூண்டுலோயாவுக்கு எப்போதோ போயிருந்தது, அவர் மறக்கவும் இல்லை. மணவறையில் நிஷாந்தி குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. பிறகு சம்பந்தி, கந்தப்பனைச் சுற்றிக்கொண்டு போய், மாலையைப் பழனியாண்டிக்குப் போட்டார். பின்வரிசையில் வேலாயி அக்காதான் முதலில் கை தட்டினாள்.

சிரிக்கிறீர்களா? "அட, இது எங்க பக்கத்து வீட்டு ஆளேதான்!" என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? தாராளமாகத் தோன்றட்டும். ஆனால், இந்த ஆள் உங்கள் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பதும் நீங்களாகவே இருப்பதும் ஒன்றையொன்று தடுக்கிற சங்கதிகள் அல்ல. உங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் இதைத்தான் வாசித்துவிட்டு, உங்கள் வாசலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.