செத்த மாவலியான் கஞ்சி குடித்த விவகாரம்

திருச்சுழி தாலுகா, நம்ம ஊர்.
ஆவணி மாதம், புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

சென்னையில் போனை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் அன்பு மாப்பிள்ளை, "உப்புமலை ராச்சியம்" என்ற மாயக்கதையை நாலு பாகம் எழுதிய செல்வக்குமாருக்கு, உன் அக்கா புருஷன் இருளப்பசாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா மாரீஸ்வரியும் ஆடு கோழிகளும் சுகம். அங்கே நீ சுகமில்லை என்று தெரிந்தே எழுதுவதால் சுகமா என்று கேட்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன், காற்புள்ளியை எங்கே வைப்பது என்று தெரியாது, எழுதும்போது எங்கே மூச்சு வாங்கியதோ அங்கே வைத்திருக்கிறேன்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். "அக்காவுக்கும் மச்சானுக்கும்" என்று நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய நாலாம் பாகத்தை நான் அருவாளால் ஆறு துண்டாக வெட்டிவிட்டேன். உன் மேல் கோபத்தில் இல்லை. எட்டு வருஷம் காத்திருந்து வந்த புத்தகம், தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பக்கம், அதைக் கையில் வாங்கிய உன் அக்காவே, "என்னங்க, எந்தம்பி இதை எழுதுனானா, அடுக்குனானா?" என்றாள். நூறு நாள் வேலையில் இப்போது நாங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்துக்கால் வெட்டுகிறோம். கஞ்சி குடிக்கிற நேரத்தில், அட்டெண்டன்ஸ் எடுக்கும் நாகஜோதி உன் கதையை வாசிக்க, முப்பது பேரும் கருவேல நிழலில் உட்கார்ந்து கேட்பது முந்தின பாகங்களிலிருந்தே உள்ள வழக்கம். ஆனால் இந்தப் பாகத்தை அப்படி வாசித்தால் பொங்கல் தாண்டும் என்று தெரிந்தது. அப்போது நாகஜோதிதான், "மாமா, மண்வேலையில ஆளுக்கு இத்தனை அடின்னு குழி அளந்து விடுறோம்ல, அது மாதிரி இதையும் அளந்து விட்டுருவமா?" என்று யோசனை சொன்னாள். எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் ஆறு பேர். ஒரு விரல் கனத்துக்கு ஒரு துண்டு. நான் வெட்டினேன், அவள் கொடுத்தாள். ஒரு வாரம் வீட்டில் வைத்துப் படித்துவிட்டு, ஆளுக்கு ஒரு நாளாகத் தன் துண்டுக் கதையை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். கதை சொன்ன ஆறு நாளும், முருகலட்சுமி ஒரு நாள் அருப்புக்கோட்டைக்கு ஜவுளி எடுக்கப் போனதைத் தவிர, ஒருத்தரும் லீவு போடவில்லை என்றால் உன் கதைக்கு இருந்த கூட்டத்தைப் பார்த்துக்கொள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஊர் உலகமெல்லாம் இந்தப் பாகத்தைக் குறை சொல்கிறது என்று நீ மனம் ஒடிந்து, அஞ்சாம் பாகம் எழுதவே மாட்டேன் என்று முகநூலில் போட்டுவிட்டாயாம். உன் பெண்டாட்டி, தங்கச்சி துர்காதேவி, உன் அக்காவிடம் போனில் அழுதாள். "அண்ணி, சோறு வச்சா சோத்தைப் பாக்காக, என்னைப் பாக்க மாட்டேங்காக" என்றாளாம். புருஷன் பெண்டாட்டியைப் பார்க்காமல் இருப்பது எங்கள் வீட்டில் இருபது வருஷமாக நடப்பதுதான், அதற்கு நான் பதறவில்லை. சோற்றைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் இருக்கிறாய் என்றதும்தான் பேனாவை எடுத்தேன்.

மாப்பிள்ளை, நான் கலியாணத்துக்கு முன்னால் அருப்புக்கோட்டைப் பருத்திக் கடையில் ஏழு வருஷம் மூட்டை தூக்கியவன். மூட்டை வந்தால் முதலாளி சும்மா எடை போட மாட்டார். கையை உள்ளே விட்டுப் பார்ப்பார். தண்ணீர் தெளித்திருந்தால் ஈரத்துக்குக் கழிப்பார், கல் கிடந்தால் கல்லுக்குக் கழிப்பார், கடைசியில் சாக்குக்கும் கழிப்பார். மிஞ்சுவதுதான் பருத்தி. உன் மேல் வந்து விழுந்த குறைகளையும் நாகஜோதியின் போனில் வாசிக்கச் சொல்லி அப்படியே கைவிட்டுப் பார்த்தேன்.

"எட்டு வருஷம் காக்க வைத்ததற்கு இதுதானா" என்று நூற்றுக்கணக்கான பேர் எழுதியிருக்கிறார்கள். இது முழுக்க ஈரம். நம்ம கண்மாய் நிறைந்து எத்தனை வருஷம் ஆயிற்று, அதற்காகக் கண்மாயை யாராவது திட்டினோமா, வரத்துக்காலைத்தானே வெட்டிக்கொண்டிருக்கிறோம். "முதல் முந்நூறு பக்கம் ஒன்றுமே நடக்கவில்லை, எல்லோரும் தண்ணீர் தேடி நடந்துகொண்டே இருக்கிறார்கள்" என்று ஒருத்தர். அவருக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது போல. இங்கே அந்த முந்நூறு பக்கத்துக்குத்தான் ஒருத்தர்கூடக் கஞ்சித் தூக்கைத் திறக்கவில்லை. "இத்தனை பேரை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது" என்று இன்னொருத்தர். உன் கலியாணப் பத்திரிகையில் நூற்றுப் பதினாலு பேர் இருந்தது, அதில் ஒரு பேர் விட்டுப்போய் உன் பெரியப்பா பந்தியில் உட்காராமல் போனாரே, நாம் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லையா? இதையெல்லாம் கழித்துவிடு.

கழித்த பிறகும் நல்ல பருத்தி மாதிரி நிற்கிற நியாயமான குறையும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஐப்பசி மழை கொட்டுகிறது, கரிசல் மண், அதில் ஆயிரம் குதிரை பாய்ந்து போனது என்று எழுதியிருக்கிறாய். ஏலே, நீ எந்த ஊரில் பிறந்தாய்? உனக்குப் பெண் பார்க்கப் போன அன்று வீரசோழன் ஊருக்குப் போகிற வழியில் லேசாகத் தூறியதற்கே உன் வண்டிச் சக்கரம் சுற்றாமல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரை சேறோடு மாப்பிள்ளையாகப் போய் நின்றாயே. தங்கச்சி அந்தக் கோலத்தைப் பார்த்தும் சம்மதித்தாள் என்பது உன் கதையில் வருகிற எல்லா மாயத்தையும்விடப் பெரிய மாயம். குதிரைகளை இறங்கி நடக்க விடு. அப்புறம், சிறகு முளைத்த முதலைக்கு இருபது பக்கம் தீனி போட்ட நீ, பதினாயிரம் படைவீரனுக்கு ஒரு வேளைகூடச் சோறு போடவில்லை என்பது உன் அக்காவின் குறை. அதைச் சொல்லிவிட்டுத் தன் கஞ்சித் தூக்கைக் குடிக்காமலே மூடி வைத்தாள். படைக்காக இல்லை, உனக்காக என்று நினைக்கிறேன்.

ஆனால் பெரிய குறை இது ஒன்றும் இல்லை. சேனாதிபதி மாவலியான் ஆற்று மணலில் வேல் பாய்ந்து சாகிறான், அவனுக்கு முப்பது பேரும் அழுதோம், நான் கண்ணில் தூசி என்று சொல்லித் தப்பித்தேன். மறுநாள் கதையில் அதே மாவலியான் கூடாரத்தில் உட்கார்ந்து, படையில் யாருக்கும் கிடைக்காத கஞ்சியைக் குடிக்கிறான், "உப்புக் குறைவு" என்று வேறு சொல்கிறான். அழுத பொம்பளைகளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. அதில்தான் சோலையம்மாள் அத்தை நாகஜோதியின் போனைப் பிடுங்கி, "தம்பி, செத்தவன் கஞ்சி குடிக்கான்யா! நாங்க அழுத அழுகைக்கு யாரு பொறுப்பு? ஒனக்கு ஒடம்புக்கு ஏதும் செய்யலையே? தலையில கிலையில அடிபட்டுருச்சா?" என்று உனக்குப் பேசி அனுப்பிவிட்டார். பட்டணத்துக்காரர்கள் திட்டியதையெல்லாம் தாங்கிய நீ, சொந்த ஊர்க்காரி அக்கறையாக விசாரித்ததில்தான் படுத்துவிட்டாய் என்று தங்கச்சி சொன்னாள். மூன்று நாளாகப் பென்சிலும் கையுமாக உன் புத்தகத்தை நீயே திருப்பித் திருப்பி, மாவலியான் எங்கே எழுந்தான் என்று தேடுகிறாயாமே. தேடாதே மாப்பிள்ளை. முப்பது பேர் காதால் கேட்டது பொய்யாகுமா? எட்டு வருஷம் எழுதினால் யார் செத்தார் யார் இருக்கிறார் என்று எவனுக்கும் தடுமாறும். தப்பு என்று ஒப்புக்கொள், ஆம்பளைக்கு அழகு அதுதான். அஞ்சாம் பாகத்தில் சமாளிக்க நாங்களே வழியும் யோசித்து வைத்திருக்கிறோம். மாவலியானுக்கு ஒரு இரட்டைப் பிறவி தம்பி இருந்தான் என்று போடு. அல்லது செத்தது அவன் இல்லை, அவன் சட்டையைப் போட்ட சமையல்காரன் என்று போடு. படைக்கு ஏன் சோறு இல்லை என்பதற்கும் அதிலேயே பதில் வந்துவிடும்.

எப்படியானாலும் அஞ்சாம் பாகத்தை நீ எழுதித்தான் ஆக வேண்டும். காரணம் நான் இல்லை. கடைசிப் பக்கத்தில் ராணி நீலாங்கனியை நிறைமாதத்தில் நடுக்காட்டில் நிறுத்திவிட்டு "நாலாம் பாகம் முற்றும்" என்று போட்டுவிட்டாய். கதை கேட்ட அன்று சாயங்காலமே சோலையம்மாள் அத்தை காளியம்மன் கோயிலுக்குப் போய், அந்தப் பிள்ளைக்குச் சுகப்பிரசவம் ஆனால் கிடா வெட்டுகிறேன் என்று நேர்ந்துவிட்டார். நீ எழுத மாட்டேன் என்ற சேதி வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். "இருளப்பா, ஒம் மாப்பிள்ளை எழுதுறதும் எழுதாததும் அவுக இஷ்டம். வயித்துப்புள்ளக்காரிய காட்டுல நிப்பாட்டிட்டுப் போறவரு என்ன மனுசன்? ஒரு வண்டியாச்சும் வர வைக்கணுமா இல்லையா?"

"கதைக்குள்ள இருக்குற பொம்பள அத்தை அது" என்றேன்.

"கதைக்குள்ள இருந்தா இடுப்பு வலிக்காதாக்கும்" என்றார்.

அந்தக் கிடா நம் வீட்டுத் தொழுவத்தில்தான் நிற்கிறது, அவர் வீட்டில் இடம் இல்லை. பிரசவம் ஆகாமல் வெட்டக் கூடாது, நேர்ந்துவிட்டதால் விற்கவும் கூடாது. நீ போன தடவை போல எட்டு வருஷம் எடுத்தால் ராணியும் தாங்க மாட்டாள், கிடாவும் தாங்காது. உன் அக்காவின் கத்திரிச் செடி ஏற்கெனவே தாங்கவில்லை. உன்னை இவ்வளவு திட்டிய சோலையம்மாள் அத்தைதான் தினமும் மத்தியானம், "போனை எடுத்தாரா?" என்று முதல் ஆளாகக் கேட்கிறார். ஆகையால் எழுந்து முகத்தைக் கழுவி, தங்கச்சி வைக்கிற சோற்றைத் தின்றுவிட்டு, அந்தப் பிள்ளையை மட்டுமாவது கரை சேர்த்துவிடு. மற்ற யுத்தமெல்லாம் மெதுவாக நடக்கட்டும்.

காளியம்மன் துணையால் உன் பேனாவில் மையும் நம்ம கண்மாயில் தண்ணீரும் வற்றாமல் இருக்க வேண்டும். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். உன் அக்கா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், கூடவே ஒரு வசவும் சொன்னாள், அதை எழுத்தில் எழுத வராது.

இப்படிக்கு,
உன் மச்சான்
இருளப்பசாமி

பின்குறிப்பு: மேலே எழுதியதை ஒட்டுவதற்கு முன்னால், நீ வருகிறபோது வெட்டிய புத்தகம் உன் கண்ணில் படக் கூடாது என்று ஆறு துண்டையும் திரும்ப வாங்கி, சேர்த்துத் தைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பக்க எண் பார்த்து அடுக்கியபோது, மாவலியான் சாகிற கதையை அருஞ்சுனை சொன்ன துண்டு நானூற்று ஐம்பத்தேழில் தொடங்குகிறது, அதற்கு மறுநாள் முருகலட்சுமி சொன்ன துண்டு முந்நூற்று ஐந்தில் தொடங்குகிறது. முருகலட்சுமி ஜவுளி எடுக்கப் போன அன்று அருஞ்சுனையை முந்திச் சொல்லச் சொன்னது நாகஜோதி. விசாரித்தேன். "மண்வேலையில ஒரு ஆளு வரலைன்னா அடுத்த குழி ஆளு வெட்ட மாட்டாகளா மாமா? எதை முன்னாடி வெட்டுனாலும் கால்வாய் கால்வாய்தான?" என்றாள். ஆக மாவலியான் முதலில் கஞ்சியைக் குடித்துவிட்டு, பிறகு முறைப்படிதான் செத்திருக்கிறான். மேலே நான் பெரிய குறை என்று எழுதியது அத்தனையும் கழிவு, பென்சிலைக் கீழே வை. சோலையம்மாள் அத்தையிடம் சொன்னேன். "அப்ப அவன் நெசமாவே செத்துட்டானா?" என்று கேட்டு, மறுபடியும் ஒரு மூச்சு அழுதார்.

தைக்கிற வேலை முடிந்தது. கோணி ஊசியும் சாக்கு நூலும் போட்டு, புத்தகத்தை மடியில் இடுக்கிக்கொண்டு, வரிசை மாறாமல் பலமாகத் தைத்தேன். எழுந்தபோது புத்தகமும் கூட எழுந்தது. கைலியையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். புத்தகத்தை இரண்டாவது தடவை அறுக்க மனம் வராததால் கைலியை அறுத்துவிட்டேன். நீ வரும்போது அட்டையை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு நீலக் கட்டம் போட்ட துணி ஒன்று தெரியும்.