ஆய்வேட்டில் இருந்த ஒற்றை மாடு

அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடம் போகாதவர்கள். அதனால் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக நூலக அட்டை வாங்கியவள் நான்தான். வீட்டுக்கு வந்த பிறகும் அதைக் கழுத்திலிருந்து கழற்ற மாட்டேன் (பால் கறக்கும்போது மாடு ஒருமுறை நக்கியே விட்டது). இவ்வளவு பெருமை பிடித்தவளுக்கு ஒரு நாள் அடி விழாமலா போகும்?

பொருளாதாரம், கடைசி வருடம். புராஜெக்ட் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. கொழிஞ்சாம்பாறைச் சந்தை முழுக்க "எம்புள்ள காலேஜ்" என்று சொல்லித் திரிந்த அப்பாவின் முகத்தில் பிறகு எப்படி விழிப்பது? எங்கள் பகுதியின் மாடு வளர்ப்பைத் தலைப்பாக எடுத்திருந்தேன்.

கல்லூரி நூலகத்தின் பூட்டிய அலமாரியில் எங்கள் ஊரைப் பற்றியே ஒரு பெண் எழுதிய ஆய்வேடு கிடைத்தது. கறுப்பு அட்டை, பொன்னெழுத்து. வீட்டுக்கு ஒரு மாடுதான், தொழில் அழிந்துகொண்டிருக்கிறது என்று அட்டவணை போட்டிருந்தது. பால் சங்கப் பதிவேட்டையும் கால்நடைக் கணக்கெடுப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார் நூலகர் டீச்சர். ஒன்றை மட்டும் நம்பக் கூடாதாம்.

"அதெல்லாம் எனக்குத் தெரியுங்க டீச்சர்" என்றேன். (தெரியாது.)

'இப்பகுதியில் மாடு வளர்ப்பு அருகிவிட்டது' என்று வீட்டில் உட்கார்ந்து எழுதியபோது, பின்னால் கட்டுத்தறியில் நாலு மாடுகள் தீவனம் கேட்டுக் கத்தின. சத்தம் தாங்காமல் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தொடர்ந்தேன்.

வகுப்பில் வாசித்து முடித்ததும் சார் கேட்டார்.

"உங்க ஊட்ல எத்தனை மாடும்மா?"

"நாலுங்க சார்."

"பக்கத்து ஊட்ல?"

"மூணுங்க."

"அப்ப இந்த ஒத்த மாடு யாரு ஊட்டு மாடு?"

சிரிப்பு அடங்க நெடுநேரமாயிற்று. திருத்தி எழுத ஒரு வாரம் கொடுத்தார்.

அழுதுகொண்டே வீட்டுக்குப் போய், அந்த ஆய்வேட்டை எழுதியவளைத் திட்டித் தீர்த்தேன். தவிடு கலந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"ஒரு புள்ள நோட்டு எடுத்துட்டு வந்துச்சு கண்ணு. நாந்தான் ஒண்ணுன்னு சொன்னேன். மாடு நெறய இருக்குன்னு தெரிஞ்சா ரேசன் கார்டை மாத்திப்போடுவாங்கன்னு பயம். அது அடுத்த ஊட்டுக்குப் போறதுக்குள்ள வீதி பூராவும் ஒண்ணுன்னே சொல்லச் சொல்லிப்போட்டேன்."

"மாடு அவ கண்ணுல படலையா?"

"அதுக மேய்ச்சல்ல இருந்துச்சு."

அந்தப் பெண் காதில் விழுந்ததை எழுதியிருந்தாள். மாடுகளைப் பார்க்க அவளுக்கு வாய்ப்பே இல்லை. எனக்கு இருந்தது, நான் ஜன்னலைச் சாத்தியவள்.

மறுநாள் நூலகர் டீச்சரிடம் போய், "எனக்குத் தெரியாதுங்க டீச்சர்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகக் கஷ்டமான வாக்கியம் அது. அவர் கணக்கெடுப்புத் தொகுதிகளை மேஜையில் அடுக்கினார். பால் சங்கத்தில் சொல்லிப் பதிவேட்டைப் பார்க்க அப்பா ஏற்பாடு செய்தார். ஒருவழியாகத் தேறினேன்.

இப்போதும் வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், "லைப்ரரிக் கணக்கா, கட்டுத்தறிக் கணக்கா?" என்பாள் அம்மா. போன மாதம், மாடு நாலும் மேய்ச்சலில் இருந்தபோது, கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். எத்தனை மாடு என்று அவள் கேட்டதும் அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"ரெண்டுன்னு போட்டுக்க கண்ணு" என்றாள்.