மாதாவைத் தூக்கப் போன முதுகு

முதுகு என்று ஒன்று இருப்பதே அது வேலைநிறுத்தம் செய்யும் அன்றைக்குத்தான் தெரியவரும். எனக்குத் தெரியவந்தது 2004 கோடையில், மொன்றியலில் ஒரு ஜிம்மின் நட்ட நடுவில்.

அதற்கு முந்திய ஐப்பசியில் என் மனைவி ஜெசிந்தாவின் பிரசவம் சிக்கலாகிப்போனது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றபடி, தாயும் பிள்ளையும் தப்பினால் ஆவணித் திருநாள் பவனியில் உம்முடைய சுரூபத்தைத் தோளில் சுமக்கிறேன் என்று மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். இருவரும் தப்பினார்கள். தப்பாதது என் இடுப்பு. சென்ட் லோரன்டில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கித் தூக்கி அது ஏற்கெனவே முனகிக்கொண்டிருந்தது.

பாரம் தூக்கிப் பழகினால் இடுப்பு உறுதியாகும் என்று ஒரு நண்பன் சொன்னான். சரியாகத்தான் சொன்னான். ‘கொஞ்சம் கொஞ்சமாக’ என்றதை மட்டும் நான் காதில் வாங்கவில்லை. திருநாளுக்கு முந்திய வாரம், ஒருசந்தி இருந்த வெறும் வயிற்றோடு ஜிம்முக்குப் போனேன். (குறைந்த பாரத்தில் பழகினால் மாதாவைப் பேய்க்காட்டி ஏமாற்றுவதாகிவிடும் என்பது என் இறையியல்.) கம்பியின் இரு பக்கமும் இரும்புத் தட்டுகளை அடுக்கி, சிலுவை அடையாளம் போட்டு, முதுகை வளைத்து ஒரே இழுவை.

கம்பி அசையவில்லை. அதன்பிறகு நானும் அசையவில்லை.

பயிற்சி கொடுக்கும் லூசி என்ற பிரெஞ்சுக்கார அம்மா ஓடிவந்து என்னைப் பாயில் சரித்தார். மடித்த கதிரைபோலக் கிடந்தேன்.

திருநாளன்றும் நிமிர முடியவில்லை. நேர்த்தி முறிந்தால் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயத்தில், அப்படியே தோள் கொடுக்கப் போனேன். ஜெசிந்தா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“விடுங்கோப்பா. மாதாவையும் விழுத்தப் போறியளே?”

“நேர்த்தி வைச்சது நானெல்லோ.”

“ஆருக்காக வைச்சனீங்கள்?”

“உமக்காகத்தான்.”

“அப்ப நான் தூக்கினா மாதா கோவிப்பாவே?”

அவள் கார்டெரியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், நாள் முழுக்கப் பிள்ளைகளைத் தூக்கி இறக்குகிறவள். முழங்காலை மடித்து, முதுகை நேராக வைத்து, சுரூபம் வைத்த தண்டைத் தோளில் வாங்கி எழுந்தாள். ஐப்பசியில் கட்டிலில் வெளிறிக் கிடந்த அதே மனுசி. நான் பிள்ளையின் தள்ளுவண்டியைப் பிடித்தபடி, குனிந்து பின்னால் போனேன். (“என்ன பக்தி பாருங்கோ” என்றார் ஒரு மாமி.) எனக்குக் கண்ணீர் கொட்டியது. நோவினால் இல்லை. மாதாவுக்கு அவ்வளவு நன்றி சொன்னேன்.

நோ மாறியதும் லூசியிடம் திரும்பிப் போனேன். அவர் வெறும் கம்பியில் தொடங்கினார். கம்பி காலை ஒட்டி வரவேண்டும், குனிவது இடுப்பிலிருந்து, முதுகு வளையக்கூடாது, நொந்தால் உடனே வைத்துவிட வேண்டும். பாரத்தை அவர்தான் கூட்டினார், அதுவும் நான் கெஞ்சக் கெஞ்ச, மெல்ல மெல்ல. அடுத்த ஆவணியில் நானும் சுரூபம் தூக்கினேன், ஜெசிந்தாவுக்குப் பின்னால் நின்று. அந்த அம்மா நல்லாயிருக்க வேண்டும். இன்றுவரை இடுப்பு என்னோடு கோபித்ததில்லை.

ஆனால் ஊர் அதை நம்பினால்தானே. எங்கள் கோயில் பங்கில் யாராவது வீடு மாறினால், கட்டில் அலுமாரி தூக்க இன்றைக்கும் எனக்குத்தான் போன் எடுப்பார்கள்.

“அண்ணை, வேனோட வாறம். ஜெசிந்தாக்கா வீட்டில நிக்கிறாவே?”