பந்தைத் தொடாத கொன்டெய்னர்

பந்து விளையாடியே பிழைத்து, அந்தப் பந்தை ஒரு தடவைகூடத் தொடாத மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், எங்கள் கூத்து மாஸ்டரின் லயத்து வீட்டில், அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில் இருக்கிறார். நீங்கள் நம்ப மாட்டீர்கள். நாங்களும் நம்பவில்லை. உண்மை தெரிந்தபோது தோட்டமே வாயைப் பிளந்தது. சிலருடைய வாய் இன்னும் சரியாக மூடவில்லை.

எங்களுக்கு அவர் கொன்டெய்னர். மலை வளைவில் ஒரு கொன்டெய்னர் லொறி வந்தால் மற்ற வாகனமெல்லாம் ஓரமாக ஒதுங்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அல்லவா? அவர் லயத்துப் பாதையில் வந்தாலும் அதேதான் நடக்கும். ஆடு, நாய், கணக்கப்பிள்ளை எல்லாரும் ஒதுங்குவார்கள்.

அவர் வந்து இறங்கிய காலையில் நான் பஜாரில் என் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். கைபேசி திருத்தும் கடை. ஹற்றன் பஸ் வந்து நின்றது. வாசலில் ஓர் ஆள் பக்கவாட்டாகத் திரும்பி, வயிற்றை உள்ளே இழுத்து, தவணை முறையில் இறங்கினார். கடைசிக் கால் தரையில் பட்டதும் பஸ் ஒரு சாண் மேலே எழும்பியது. கண்டக்டர் குனிந்து டயர்களைப் பார்த்தார். அந்த உருவம் நேராக என் கடைக்கு வந்து, கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டு, "அடியாத்தி" என்றது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த உடம்பிலிருந்து எங்கள் அம்மாமார் வாயில் வருகிற சொல். விஷயம் இதுதான். அவருடைய அம்மா இந்தத் தோட்டத்துப் பெண். வளைகுடாவில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய், அந்த வீட்டாரோடு அமெரிக்கா சேர்ந்து, பிறகு சின்ன வயது மகனையும் அழைத்துக்கொண்டார். அங்கே அவருக்குத் தமிழ் பேச அம்மாவைத் தவிர ஆள் கிடையாது. அதனால் அம்மாவின் தமிழே அப்படியே அவர் வாயில் தங்கிவிட்டது. அம்மா காலமாகி, அவருக்கும் முழங்கால் போய், விளையாட்டை விட்டுவிட்டு மாமாவைத் தேடி வந்திருந்தார். அந்தத் தாய்மாமன்தான் எங்கள் கூத்து மாஸ்டர்.

மாஸ்டர் வீட்டுக்கு அனுப்பி வைக்க ஓர் ஆட்டோவைப் பிடித்தேன். அவர் ஏறி உட்கார்ந்த பிறகு டிரைவருக்கு இடமில்லை. கடைசியில் அவர் நடந்தார். அவருடைய பெட்டி மட்டும் ஆட்டோவில் சொகுசாகப் போனது.

அமெரிக்காவில் பெரிய பந்தாட்டக்காரர் என்ற செய்தி மாலைக்குள் எல்லா லயத்துக்கும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அவருடைய பழைய ஆட்டத்தின் வீடியோவை என் கடைக் கணினியில் போட்டோம். அமெரிக்கக் கால்பந்து என்று பெயர். காலுக்கும் பந்துக்கும் அபூர்வமாகத்தான் சம்பந்தம். கடைக்குள் பாதித் தோட்டம், வெளியே மீதித் தோட்டம். பந்து பறந்தது, ஆட்கள் ஓடினார்கள், விழுந்தார்கள், எழுந்தார்கள். எங்கள் ஆளைக் காணோம். கேமரா பந்தின் பின்னாலேயே போனது. அவர் திரையின் கீழ்மூலையைத் தொட்டு, "இந்தா, இது நானு" என்றார். ஒரு முழங்கை தெரிந்தது.

மாஸ்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "மாப்புள, நீ எப்ப பந்த எடுப்ப?"

"எடுக்க மாட்டேன் மாமா. அது என் வேல இல்ல."

"பொறவு என்னதான் வேல?"

"எனக்குப் பின்னால ஒருத்தன் பந்தோட நிப்பான். அவன ஒருத்தரும் தொடக்கூடாது. அதுதான் என் வேல."

அவர் விளக்க விளக்க எங்கள் அதிர்ச்சி கூடிக்கொண்டே போனது. எதிராளியை மறிக்கலாம், திறந்த கையால் தள்ளலாம், ஆனால் சட்டையைக்கூடப் பிடிக்கக்கூடாது. பிடித்தால் குற்றம். ஆட்டம் தொடங்கும் சைகை வருமுன் ஒரு விரல் அசைந்தால் அதுவும் குற்றம். விசில் ஊதும்வரை அவனைத் தாண்ட விடவும் கூடாது. இத்தனையும் செய்து முடித்தால் பேராவது வருமா என்று ஆட்டோ டிரைவர் கேட்டார். அதற்குக் கிடைத்த பதிலில்தான் எல்லாரும் இடிந்து போனோம்.

"என் பேரு மைக்கில வரவே கூடாதுங்க. வந்துச்சுனா நான் என்னமோ தப்பு பண்ணிட்டேன்னு அர்த்தம்."

பத்து வருஷம் ஆயிரக்கணக்கான சனத்தின் முன்னால் ஆடியவர், தன் பெயரை ஒருவரும் சொல்லவில்லை என்பதைப் பெருமையாகச் சொன்னார். மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். எங்கள் கூத்தில் ஓரமாக நின்று தீப்பந்தம் பிடிக்கிறவனுக்குக்கூட மைக்கில் பெயர் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த வருஷம் கோபித்துக்கொண்டு வரமாட்டான்.

தொழிலை விட்டாரே தவிர, தொழில் அவரை விடவில்லை. முழங்கால் வலியால் இறக்கத்தில் அவர் பின்பக்கமாகத்தான் இறங்குவார். களத்தில் எதிராளியைப் பார்த்தபடி பின்வாங்கிப் பழக்கமாம். கொழுந்தை எடை போட்டுவிட்டு வரும் பெண்கள், தங்களைப் பார்த்தபடியே படிப்படியாக முதுகுப் பக்கம் இறங்கும் அந்த மலையைப் பார்த்துத் திகைத்து நிற்பார்கள். "நீங்க வாங்கக்கா, நான் பாத்துக்கிறேன்" என்பார் இவர். எதைப் பார்த்துக்கொள்கிறார் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

ஒருநாள் சாமான் வாங்க என்னோடு ஹற்றனுக்கு வந்தார். திரும்பும்போது பஸ் நிலையத்தில் வழக்கமான தள்ளுமுள்ளு. என் ஆயுளில் அந்த பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததே கிடையாது. "தம்பி, என் முதுகுக்குப் பின்னாலயே வா" என்றார். இரண்டு கைகளையும் விரித்தார். யாரையும் பிடிக்கவில்லை, இடிக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. கூட்டம் தலையில் வகிடு எடுத்ததுபோல் இரண்டாகப் பிரிந்தது. நான் மகாராஜா மாதிரி நடந்து போய் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தேன். கண்டக்டர் என்னிடம் டிக்கெட் கேட்கவே தயங்கினார். கொன்டெய்னரோ ஊர்வரை நின்றுகொண்டே வந்தார். எனக்கு இடம் கிடைத்ததே அவருக்குப் பரமதிருப்தி.

இவ்வளவு பெரிய மனிதர் ஊருக்கு வந்து கேட்டது ஒன்றே ஒன்று. அம்மாவின் தோட்டத்துக் காமன் கூத்தில் தனக்கும் ஓர் இடம் வேண்டும். அந்நிய மண்ணில் ராத்திரிதோறும் அந்தக் கூத்தின் மதன், ரதி கதையைச் சொல்லித்தான் அம்மா அவரைத் தூங்க வைப்பாராம். கேட்டபோது அவர் குரல் சின்னப் பிள்ளையின் குரல்போல் இறங்கிப்போனது.

மாஸ்டருக்குப் பெரிய சங்கடம். பாட வராது. ஆடினால் மேடை தாங்காது. யோசித்து யோசித்து ஒரு வேலை கண்டுபிடித்தார். மாசி மாதக் குளிரில் விடிய விடிய நடக்கும் கூத்து. விடியும் நேரத்தில் மதனைப் பார்க்கச் சனம் நெருக்கியடித்துக்கொண்டு வரும். அப்போது மதனுக்கு முன்னால் நின்று காவல் காக்க வேண்டும். மாஸ்டர் சொன்ன வார்த்தையை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "என்ன ஆனாலும் சரி மாப்புள, மதன ஒருத்தரும் தொடக்கூடாது."

யாரிடம் எதைச் சொல்கிறோம் என்பதை மாஸ்டர் யோசிக்கவில்லை. கொன்டெய்னரின் முகம் மலர்ந்துவிட்டது. தன் தொழில் இந்த ஊரிலும் இருக்கிறது என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

எங்களுக்குத் தெரியாத இன்னொன்றும் இருந்தது. அவர் கேட்ட கதையில் மதனுக்கும் ரதிக்கும் கல்யாணம் ஆகும், சந்தோஷமாக இருப்பார்கள், கதை முடிந்துவிடும். பிள்ளை அழுவான் என்று அம்மா அதற்கு மேல் சொன்னதே இல்லை. சின்ன வயதில் பார்த்த கூத்திலும் அவர் கல்யாணத்தோடு தூங்கிப்போயிருந்தார். சிவனின் தவத்தைக் கலைத்ததற்காக மதன் எரிந்து போவான் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

விடியும் நேரம் வந்தது. எரிவது என்னவோ நட்டு வைத்த கம்பமும் வைக்கோலும்தான். ஆனாலும் வெயில் விழுமுன் அது எரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் தோட்டத்துக்கே கேடு என்பது நம்பிக்கை. அதற்கு முன்னால் சிவன் அனுப்பிய வீரபத்திரன் வந்து மதன்மேல் பாய்வார். வீரபத்திரன் வேஷம் தோட்டத்து லொறி டிரைவருக்கு. அருள் வந்து ஆடும் அவரை, இடுப்பில் கயிறு கட்டி நாலு பேர் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பார்கள்.

தப்பு மேளத்தின் அடி மாறியது. மேட்டில் தீப்பந்தம் தெரிந்தது. கொன்டெய்னர் மெல்லக் குனிந்து ஒரு கையைத் தரையில் ஊன்றினார். நான் வீடியோவில் பார்த்த அதே குனிவு. கத்த நினைத்தேன், நேரம் இருக்கவில்லை.

வீரபத்திரன் பாய்ந்தார். இவர் எழும்பினார். திறந்த இரண்டு உள்ளங்கைகள், அவ்வளவுதான். வீரபத்திரனும் கயிறும் கயிற்றைப் பிடித்த நாலு பேரும் ஒரே கோர்வையாகப் பறந்து, தேயிலைச் செடிகளைத் தாண்டி வடிகால் கானுக்குள் விழுந்தார்கள். தப்பு நின்றது. ரதி அழுவதற்குத் திறந்த வாய் அப்படியே நின்றது. இத்தனை வருஷக் கூத்தில் வீரபத்திரன் தோற்றதை அன்றுதான் தோட்டம் பார்த்தது.

மாஸ்டர் ஓடி வந்தார். "மாப்புள, நகரு. அவரு சாமி."

"சாமியா இருந்தாலும் தொடக்கூடாதுனு நீங்கதான மாமா சொன்னீங்க?"

ஆள் ஆளாகத் தள்ளினோம். லயத்துச் சுவரைத் தள்ளியிருந்தாலாவது கொஞ்சம் அசைந்திருக்கும். பெண்கள் அழத் தொடங்கினார்கள். எதிர் மலை உச்சி வெளுத்துக்கொண்டு வந்தது. வெயில் இறங்கினால் கூத்து போச்சு. மாஸ்டரின் மானமும், மருமகனுக்குத் தோட்டத்தில் கிடைத்த இடமும் அதோடு சேர்ந்து போகும். மாஸ்டர் இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

அப்போது பின்னாலிருந்த மதன், எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற பையன், அந்த அகன்ற முதுகில் மெதுவாகக் கை வைத்தான்.

"அண்ணே, வழி விடுங்க. நான் எரியணும்."

கொன்டெய்னர் திரும்பினார். ஆடிய காலமெல்லாம் முதுகுக்குப் பின்னால் நிற்பவனைத் திரும்பிப் பார்த்ததே இல்லை என்று பிறகு சொன்னார்.

"ஏன் தம்பி?"

"நான் எரிஞ்சாத்தான் ரதி அழுவா. அவ அழுதாத்தான் சாமி என்ன எழுப்பும். கத அப்பிடிண்ணே."

அவர் மதனையே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்கம்மா இத சொல்லவே இல்லையே" என்றார். பிறகு ஒரு பக்கமாக ஒதுங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக வழி விட்டார்.

வீரபத்திரனைக் கானிலிருந்து தூக்கினோம். தலைமுடியெல்லாம் கொழுந்து. அருளோடுதான் வந்தார், ஆனாலும் கொன்டெய்னரைக் கண்டதும் பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டு போனார். வெயில் இறங்குமுன் கம்பம் எரிந்தது. கொன்டெய்னர் கான் ஓரத்தில் உட்கார்ந்து, ரதியைவிட அதிகமாக அழுதார். அம்மா செத்ததற்கு அவர் அழுதது அன்றுதான் என்று மாஸ்டரின் மனைவி என்னிடம் சொன்னார். எனக்கும் கண் கலங்கியது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த நாள் அவர் பெட்டியைக் கட்டிவிட்டார். சாமியைத் தள்ளியவனுக்கு இங்கே இனி என்ன இடம் என்று நினைத்திருக்கிறார். கோயிலடியில் கூட்டம் கூடியது. ஆளுக்கு ஆள் குற்றம் சொன்னார்கள். கடைசியில் லொறி டிரைவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சாபம்தான் வரப்போகிறது என்று நினைத்தோம்.

"இத்தன வருஷமா கயிறு புடிக்கிறவங்கள நம்பி ஆடுறேன். எங்க போய் விழுவேனோனு சாமி வந்தாலும் எனக்கு உள்ளுக்குள்ள பயம்தான். வார வருஷம் கயித்த அவருகிட்ட குடுங்க. நாலு பேரு தேவையில்ல."

பெட்டி அவிழ்க்கப்பட்டது.

போன மாசியில் அந்தக் கயிற்றை மாஸ்டர் கொண்டுவந்து மருமகன் கையில் வைத்தார். கொன்டெய்னர் விரலை மடக்காமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு, "புடிக்கலாமா மாமா? தப்பில்லையா?" என்று கேட்டார். "புடி மாப்புள" என்றார் மாஸ்டர். வீரபத்திரன் அந்த விடியலில் பயமில்லாமல் ஆடிய ஆட்டத்தைப் போல நான் பார்த்ததே இல்லை.

ஆட்டம் தொடங்குமுன் வழக்கப்படி மைக்கில் பெயர்கள் சொன்னார்கள். கயிறு பிடிப்பவர் என்று சொல்லி, இன்னாருடைய மகன் என்று அவருடைய அம்மா பெயரையும் சேர்த்து, அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னார்கள். அந்தப் பெயரை நான் கேட்டது அப்போதுதான். கொன்டெய்னருக்கு முகம் வெளிறிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார். "தம்பி, நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் இல்லண்ணே. நீங்க நம்ம ஆளுனு சொல்றாங்க."

அவர் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை. நான் இதை எழுதும் இந்தப் பத்திரிகையை வாராவாரம் மாஸ்டரின் மனைவி அவருக்கு வாசித்துக் காட்டுவார். அதனால்தான் அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. மனுஷன் பாவம், ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று ராத்திரியெல்லாம் தூங்க மாட்டார்.