என் பெயரில் ஒரு பட்டா

ஒரு மொழியைக் கசடறக் கற்றுவிட்டோம் என்று செருக்குற்றவனுக்கு, பக்கத்தில் நிற்பவன் பேசும் மொழி காதில் விழுவதில்லை. இந்த உண்மையை நான் எந்த நூலிலும் படித்து அறியவில்லை. தாராவியில் ஒரு மோட்டார் பட்டறையின் எண்ணெய்த் தரையில் நின்று அறிந்துகொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்து, திருநெல்வேலியில் பத்திரம் எழுதுபவர் ஒருவரிடம் ஐந்தாண்டுகள் நகல் எடுத்தவன் நான். 'மேற்படி', 'யாதொரு', 'பாத்தியதை' ஆகிய மூன்று சொற்களும் இல்லாமல் என்னால் ஒரு வாழ்த்து மடல்கூட எழுத இயலாது. (என் மனைவி செல்லத்தாய்க்கு நான் எழுதிய முதல் கடிதத்தை, அவள் தந்தை கடன் பத்திரம் என்று எண்ணி மறைத்து வைத்துவிட்டார்.) இத்தகைய புலமையோடு மும்பை வந்து, தோல் பைகள் ஏற்றுமதி செய்யும் நம்மூர் முதலாளி ஒருவரிடம் கணக்கெழுதும் வேலையில் அமர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. குடியிருந்த அறையும் முதலாளி தந்ததே. வேலை போனால் அறையும் போகும். செல்லத்தாய்க்கு அப்போது ஏழாம் மாதம்.

முதலாளியிடம் ஒரு கார் இருந்தது. தூதரக அதிகாரி ஒருவர் தம் நாட்டுக்குத் திரும்பும்போது விற்றுச் சென்ற இத்தாலிக் கார். செக்கச் சிவந்த நிறம், இரண்டே இருக்கைகள், தரையோடு தரையாகப் படுத்திருக்கும். செம்பூரில் அவர் வீட்டு வாசலில் அது உறுமினால், தெருநாய்கள் குரைப்பதை நிறுத்திவிட்டு யோசிக்கும். மூன்றாண்டுக்கு ஒருமுறை அதற்குப் பெரிய சர்வீஸ் செய்தே ஆக வேண்டும் என்பது விதி. அந்த முறை வந்தபோதுதான் மெட்ராஸில் அவருடைய அக்காள் மகளுக்குத் திருமணம். காரைத் தாராவியில், பாய் என்று எல்லோரும் அழைக்கும் மெக்கானிக்கின் பட்டறையில் விட்டுவிட்டு, தாய்மாமன் சீரோடு புறப்பட்டார்.

"ஏலே சொடலமுத்து, தெனமும் போயி ஒரு பார்வை பாத்துக்கோ. பாய் என்ன செலவு சொல்லுதாரோ, எனக்குத் தந்தி அடிச்சிரு. காருக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீ நெல்லை வண்டி ஏறிரலாம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திருமணத்துக்கு முந்தைய நாள் மாலை நான்கு மணிக்குப் பட்டறைக்குச் சென்றேன். காரின் முன்மூடி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் பள்ளம்.

"பாய்! இன்ஜினைக் காணோம்!"

"என்னவே இப்படிக் கத்துதீரு? அது டிக்கி. இந்தக் காடிக்கு இன்ஜின் பின்னாலவே" என்றார் பாய். அவர் தந்தை கடையநல்லூர்க்காரர். பாய் பிறந்ததும் வளர்ந்ததும் தாராவியில். நெல்லைத் தமிழை இந்தியில் தோய்த்துப் பேசுவார். தமிழ் எழுத்து அவருக்கு வாசிக்க வராது.

நிம்மதியோடு பின்பக்கம் சென்று பார்த்தேன். அங்கும் பள்ளம்தான்.

இன்ஜின் ஓரமாகத் தரையில் கிடந்தது. அறுவை மேசையில் குடலை வெளியே எடுத்து வைத்தாற்போல அதன் குழாய்கள் தொங்கின.

"இது… ஏன் கீழே?"

"பட்டா மாத்தணும்லா? அதுக்குத்தான் எறக்குனேன். பட்டா மாத்துனப்புறம்தான் ஏத்துவேன்."

வாசகர்கள் என் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்தாண்டுகள் பத்திரங்களோடு வாழ்ந்தவனுக்குப் பட்டா என்றால் ஒன்றுதான்: நிலத்தின் உரிமைச் சான்று. பட்டா மாற்றம் என்றால் ஒருவன் சொத்து இன்னொருவன் பெயருக்குப் போவது.

"யார் பெயருக்கு?" என்றேன்.

"அரே, புதுப் பட்டா இட்டாலிலேருந்து பார்சல்ல எம்பேருக்குத்தான் வந்திருக்கு. சேட்டுக்கும் மாலும்." (சேட் என்றது எங்கள் முதலாளியை. 'மாலும்' என்றால் 'தெரியும்' என்பது அன்று எனக்குத் தெரியாது.)

"முதலாளியிடம் பழைய பட்டா இருக்கிறதே!"

"பழைய பட்டா இனிமே ஆவாதுவே. அதை நம்பி ஓட்டுனா ஒருநா நடுரோட்ல கதை முடிஞ்சிரும். அதுவும் ஒண்ணா? ரெண்டு பட்டா இருக்கு."

ஒரே சொத்துக்கு இரண்டு பட்டா! நான் நகலெடுத்த வழக்குகளிலேயே கொடியவை இரட்டைப் பட்டா வழக்குகள்தாம். அவற்றில் வெட்டுக்குத்து நடக்காத வழக்கை நான் கண்டதில்லை. பாயின் கையிலோ ஒரு முழ நீளத்துக்கு ஸ்பானர்.

"செலவு… எவ்வளவு?"

"மொத்த கர்ச்சா இருவத்திரெண்டாயிரம்."

எனக்கிருந்த கடைசி ஐயமும் அதோடு நீங்கியது. என் மாதச் சம்பளம் அறுநூறு. இருபத்திரண்டாயிரம் ரூபாய்க்கு எங்கள் பக்கம் வாய்க்கால் பாயும் வயலே வாங்கலாம். அவ்வளவு பெரிய தொகை நிலத்துக்கு ஆகுமே அன்றி, ஒரு காரைத் துடைத்து எண்ணெய் விடுவதற்கு எங்ஙனம் ஆகும்?

அஞ்சினேன், ஆயினும் கடமையைக் கைவிடவில்லை. பட்டறை பெஞ்சிலேயே அமர்ந்து, ஒரு முழுத்தாளில் ஆட்சேபணை மனு எழுதி, பாயின் கையில் கொடுத்துவிட்டு இரண்டடி பின்வாங்கி நின்றேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"சேட்டுக்கா? வரட்டும், குடுத்துருதேன்" என்று சொல்லி ஆணியில் குத்தி வைத்தார். (எத்தகைய நெஞ்சழுத்தம் என்று வியந்தேன்.)

அங்கிருந்து மாதுங்கா தந்தி அலுவலகத்துக்கு ஓட்டம். சொல்லுக்குச் சொல் காசு என்பதால், ஆங்கில எழுத்தில் செந்தமிழைச் சுருக்கினேன்: 'கார் பட்டா பாய் பெயர். இன்ஜின் பறிமுதல். இருபத்திரண்டாயிரம். உடன் வருக.' 'பிடித்து வைத்திருக்கிறார்' என்றால் இரண்டு சொல். 'பறிமுதல்' ஒரே சொல். அந்தச் சிக்கனத்துக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மாலை வீடு திரும்பி, முதலாளியின் சொத்தைக் காத்த வரலாற்றைச் செல்லத்தாயிடம் விரித்துரைத்தேன். அவள் தட்டில் சோறு வைத்த கையோடு நின்றாள்.

"ஏங்க, பட்டான்னாரா?"

"ஆம். பட்டா மாற்றம்."

"இந்தியில பட்டான்னா பெல்ட்டுல்லா! இடுப்புல கட்டுத பெல்ட்டு. நாய்க்குக் கட்டுத வாரும் பட்டாதான். மிஷின்ல ஓடுத வாரையும் பட்டாங்காவ. தண்ணி பைப்படில நிக்க எனக்கே தெரியும், அஞ்சு மாசமா நீங்க என்னத்தப் படிச்சீய?" என்று கேட்டவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் அமர்ந்து சிரித்தாள். சிரிப்பு நிற்கவேயில்லை.

அதுவரை நான் பட்டது பயமே அன்று, அதன் ஒத்திகை. உண்மையான பயம் அப்போதுதான் வந்தது. தந்தி அலுவலகத்துக்கு மீண்டும் ஓடினேன், சாத்தியிருந்தது. காலையில் திறந்ததும் இரண்டாம் தந்தி கொடுத்தேன்: 'பட்டா பெல்ட். வரவேண்டாம்.'

முதல் தந்தியோ விடியலிலேயே சேர்ந்துவிட்டிருந்தது. சீர்த் தட்டோடு உட்கார்ந்திருந்த தாய்மாமன் அதைப் படித்தார். அயல்நாட்டுக் கார் வைத்திருப்பவருக்குப் 'பறிமுதல்' என்றால் ஒரே பொருள்தான்: சுங்க இலாகா. தட்டை யார் மடியிலோ வைத்துவிட்டு, விமான நிலையத்துக்கு ஓடியிருக்கிறார்.

நண்பகலில் பட்டறை வாசலில் டாக்ஸி நின்றது. பட்டுவேட்டி, மார்பில் காய்ந்த சந்தனம், தோளில் பாதி மாலை. முதலாளி இறங்கினார். தரையில் கிடந்த இன்ஜினுக்குப் பின்னால் நான் குனிந்து ஒளிந்தேன்.

"பாய், எங்க ஆபீசருங்க? எத்தன பேரு வந்தானுவ?"

"எந்த ஆபீசர் சேட்? சாயா குடிக்கேளா?"

"இன்ஜினைப் பறிமுதல் பண்ணிட்டானுவன்னு தந்தி வந்துச்சே!"

"யாரு பண்ணுனா? நாந்தான் பட்டா மாத்த எறக்குனேன். ஆங், உங்க கணக்கப்பிள்ளை ஒரு கடுதாசி குடுத்தாரு" என்று ஆணியிலிருந்து என் மனுவை எடுத்து நீட்டினார் பாய்.

முதலாளி உரக்கப் படித்தார். "'மேற்படி காரின் மீதோ, மேற்படி இன்ஜின் மீதோ, பாய் ஆகிய தங்களுக்கு யாதொரு பாத்தியதையும் கிடையாது. தாங்கள் இத்தாலி நாட்டில் இரகசியமாகப் பெற்ற பட்டா செல்லாது…'"

அவர் படிப்பதை நிறுத்தினார். பட்டறையே நிறுத்தியது. நான் இன்னும் தாழக் குனிந்தேன்.

"சொடலமுத்து. வெளிய வா."

வந்தேன்.

"அக்கா மவ கழுத்துல தாலி ஏறும்போது நான் ஏரோப்ளேன்ல இருந்தேம்லே."

"முதலாளி, மேற்படி தவறு…" என்று தொடங்கினேன்.

"இன்னொரு மேற்படி சொன்ன, கொன்னுருவேன்!"

அப்போது பாய்க்குத் தாமதமாக விளங்கியது. ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு, காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யா அல்லா! ரெண்டு பட்டான்னதும் இவரு மொகம் வெளிறுனது அதுக்குத்தானா!" முதலாளி சிரிக்கக்கூடாது என்றுதான் பற்களைக் கடித்திருந்தார். ஆனால் மறுபடியும் தாளைப் பார்த்து, 'இரகசியமாக' என்ற சொல்லில் தோற்றுப்போனார்.

வேலை தப்பியது, அறையும் தப்பியது. அவர் அக்காள் மட்டும் மூன்றாண்டுகள் தம்பியோடு பேசவில்லை. அந்தச் சர்வீஸுக்கு எவ்வளவு ஆயிற்று என்று யார் கேட்டாலும், "இருவத்திரெண்டாயிரமும், ஏரோப்ளேன் சார்ஜும், ஒரு அக்காளும்" என்பார் முதலாளி.

கார் உறுமிக்கொண்டு கிளம்பிய நாளில், பாய் கழற்றிய பெல்ட்டுகளில் ஒன்றைத் துடைத்து என் கையில் வைத்தார். "இந்தாரும் கணக்கப்பிள்ளை. உம்ம பேருக்கே மாத்தியாச்சு."

அன்று செல்லத்தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைக்கு இப்போது சொந்தக் கார் இருக்கிறது. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம், "அப்பா, பட்டா மாத்தணுமாம், ஆட்சேபணை உண்டா?" என்று கேட்கிறான். அம்மா சிரித்த சிரிப்பில் தானும் உள்ளே குலுங்கியது நினைவிருக்கிறது என்று சாதிக்கிறான்.

தாராவியில் எத்தனையோ பேருக்கு வீட்டுப் பட்டா கேட்டு நான் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்காகவும் எழுதினேன். எதுவும் வரவில்லை. ஆனால் எங்கள் வீட்டுச் சுவரில், ஆணியில், பற்கள் தேய்ந்த அந்தக் கறுப்பு ரப்பர் வார் இன்றும் தொங்குகிறது. இந்த மாநகரத்தில் மேற்படி ஒன்றுதான் என் பெயரில் இருக்கும் பட்டா.